பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸுக்கு மானிட்டர் வாங்கப் போகிறீர்களா? மதுரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

டவுன் ஹால் ரோட்டிலோ பைபாஸ் ரோட்டிலோ ஒரு கடையில் ஏறி “கேமிங் மானிட்டர் காட்டுங்கண்ணே” என்றால், முன்னால் வந்து உட்காருவது பெரும்பாலும் கம்ப்யூட்டரை மனதில் வைத்துச் செய்த மானிட்டராகத்தான் இருக்கும். பெட்டியில் 180 ஹெர்ட்ஸ் (திரை நொடிக்கு எத்தனை முறை படம் மாற்றும் என்ற கணக்கு), 1 மில்லி செகண்ட் (திரைப் புள்ளி மாறும் வேகம்), எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் கூடுதல் வித்தியாசத்தோடு தெரியும் வசதி) என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எழுதியது பொய் இல்லை. ஆனால் அந்த எண்களில் பாதி கன்சோலுக்கு (பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் மாதிரியான விளையாட்டுப் பெட்டிக்கு) வந்து சேராது. கன்சோலுக்கு வாங்குகிறவர் மானிட்டரைத் திருப்பி, முதலில் பின்பக்கத்தில் கன்சோல் கேபிளைச் செருகும் எச்டிஎம்ஐ போர்ட்டைப் பார்க்க வேண்டும். திரை, ஹெர்ட்ஸ், விலை எல்லாம் அதற்குப் பிறகு. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன.

1. உங்கள் கன்சோல் எவ்வளவு கொடுக்கும் என்று பாருங்கள்

1080பி, 1440பி, 4கே என்பவை படத்தில் எத்தனை புள்ளி என்ற அளவு (ரெசல்யூஷன்); இந்த வரிசையில் கூர்மை ஏறும். பிஎஸ்4, பிஎஸ்4 ஸ்லிம் இரண்டும் 1080பி, 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பிஎஸ்4 ப்ரோ 4கே, 60 ஹெர்ட்ஸ் வரை போகும்; 1440பி கொடுக்காது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கேம்களை 1440பி, 120 ஹெர்ட்ஸ் வரை ஓட்டும்படி செய்யப்பட்டது. சீரிஸ் எக்ஸ், பிஎஸ்5 இரண்டும் 4கே, 120 ஹெர்ட்ஸ் வரை கொடுக்கும். பிஎஸ்5-க்கு 1440பி வசதி 2022 செப்டம்பர் அப்டேட்டில்தான் வந்தது. அதற்கு முன்னால் எழுதிய கட்டுரைகளைப் படித்து “பிஎஸ்5-ல் 1440பி வராது” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நின்டெண்டோ ஸ்விட்ச் 2, டாக்கில் (திரையோடு இணைக்கும் தாங்கி) வைத்தால் 4கே-யில் 60 ஹெர்ட்ஸ், 1440பி-யிலும் 1080பி-யிலும் 120 ஹெர்ட்ஸ் கொடுக்கும்.

இவற்றில் எதுவும் 120 ஹெர்ட்ஸைத் தாண்டாது. 144, 165, 180, 240 என்று என்ன எழுதியிருந்தாலும் கன்சோலில் அது 120-தான். 180 ஹெர்ட்ஸ் மானிட்டர் நல்ல விலையில் கிடைத்தால் வாங்கலாம், கெடுதல் ஒன்றுமில்லை. 120-க்கு மேலே ஏறும் ஹெர்ட்ஸுக்காக மட்டும் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

அந்த 120-ம் எல்லோருக்கும் தேவை என்று சொல்ல முடியாது. கதை விளையாட்டுகளில் பெரும்பாலானவை நொடிக்கு 30 அல்லது 60 ஃப்ரேமில் (படத்தில்) ஓடுகின்றன. ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில்தான் 120 ஃப்ரேம் உண்மையாகவே கைக்குத் தெரியும். இன்னொரு பயனும் உண்டு: சில கேம்களில் இருக்கும் 40 ஃப்ரேம் மோடுக்கு 120 ஹெர்ட்ஸ் திரை வேண்டும். 120-ஐ 40-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 3 வரும். 60-ஐ வகுத்தால் சரியாக வராது, படம் திக்கும்.

2. எச்டிஎம்ஐ போர்ட்: பணம் வீணாகும் இடம் இதுதான்

பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் எதிலும் டிஸ்ப்ளேபோர்ட் (கம்ப்யூட்டர்களில் இருக்கும் இன்னொரு வகைத் திரை இணைப்பு) கிடையாது. எச்டிஎம்ஐ ஒன்றுதான். பெட்டியில் எழுதியிருக்கும் 165 ஹெர்ட்ஸ் பல மாடல்களில் டிஸ்ப்ளேபோர்ட் வழியாக மட்டும் வரும். அதே மானிட்டரின் எச்டிஎம்ஐ போர்ட் பழைய 1.4 வகையாக இருந்தால் 1440பி-யில் 60 அல்லது 75 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அரை இன்ச் குழாயைப் போட்டுவிட்டு மோட்டாரைக் குறை சொல்வது போன்ற நிலை அது.

எந்தப் போர்ட் எதைத் தாங்கும் என்ற கணக்கு இது:

எச்டிஎம்ஐ 1.4: 1080பி, 60 ஹெர்ட்ஸுக்குப் போதும். பிஎஸ்4-க்குப் பரவாயில்லை. புதுக் கன்சோலுக்கு வேண்டாம்.

எச்டிஎம்ஐ 2.0: நொடிக்கு 18 ஜிகாபிட் தகவல் போகும். 4கே-யில் 60 ஹெர்ட்ஸ், 1440பி-யிலும் 1080பி-யிலும் 120 ஹெர்ட்ஸ் தாராளமாக வரும்.

எச்டிஎம்ஐ 2.1: அதிகபட்சம் 48 ஜிகாபிட். 4கே-யில் 120 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் இதுதான்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. “எச்டிஎம்ஐ 2.1” என்று அச்சடித்திருப்பதாலேயே 48 ஜிகாபிட் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. 2.1-ன் வசதிகளில் பலவற்றைக் கட்டாயமாக்காமல் விட்டிருப்பதால், 18 ஜிகாபிட் மட்டுமே தாங்கும் போர்ட்டுக்கும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடிகிறது. ஸ்பெக் தாளில் அடைப்புக்குறிக்குள் “டிஎம்டிஎஸ்” என்று இருந்தால் அது வேகத்தில் பழைய 2.0-தான். “எஃப்ஆர்எல்” என்று இருந்தால் புது வகை. பக்கத்தில் 24, 40, 48 என்று ஜிகாபிட் எண்ணும் இருக்கும். பிஎஸ்5 அதிகபட்சமாக 32 ஜிகாபிட், சீரிஸ் எக்ஸ் 40 ஜிகாபிட் அனுப்பும். 24 மட்டும் தாங்கும் போர்ட்டில் 4கே 120 வந்தாலும் நிறத் தகவலைக் குறைத்துக்கொண்டுதான் வரும்; சின்ன எழுத்துகளின் ஓரத்தில் அது தெரியும்.

விற்பனையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட நம்பகமான வழி: கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலின் மேனுவலை இறக்கி, எந்தப் போர்ட்டில் எந்த ரெசல்யூஷன் எத்தனை ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும் பட்டியலைப் பாருங்கள். எச்டிஎம்ஐ என்ற தலைப்பின் கீழ் 4கே என்றால் 3840×2160 @ 120, 1440பி என்றால் 2560×1440 @ 120 என்ற வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் கடைக்காரர் என்ன சொன்னாலும் விட்டுவிடுங்கள். மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். ஒரே தொடரில் கடைசி எழுத்து ஒன்று மாறினாலே போர்ட் மாறிவிடுகிற மாடல்கள் உண்டு.

அடுத்தது விஆர்ஆர். கேமின் ஃப்ரேம் வேகம் ஏறி இறங்கும்போது திரையும் கூடவே ஏறி இறங்கும் வசதி. படம் கிழிவதும் திக்குவதும் இதனால் குறையும். எக்ஸ்பாக்ஸ் இந்த விஷயத்தில் தாராளம்: இதன் இரண்டு வகைகளான ஃப்ரீசிங்க், எச்டிஎம்ஐ விஆர்ஆர் இரண்டையும் ஏற்கும். பிஎஸ்5 எச்டிஎம்ஐ விஆர்ஆரை மட்டும் ஏற்கும், அதுவும் 48 முதல் 120 ஹெர்ட்ஸுக்குள். “ஃப்ரீசிங்க் பிரீமியம்” ஸ்டிக்கரை மட்டும் நம்பி எச்டிஎம்ஐ 2.0 மானிட்டர் வாங்கினால் பிஎஸ்5-ல் விஆர்ஆர் வராது. படம் நன்றாகவே வரும், விளையாடவும் முடியும்; ஆனால் அந்த வசதிக்காகக் கொடுத்த காசு போனதுதான். ஸ்விட்ச் 2-ல் விஆர்ஆர் கையில் பிடித்து விளையாடும்போது மட்டும்தான், டாக்கில் கிடையாது.

ஒரு வகைப் போர்ட்டை இன்னொரு வகையோடு இணைக்கும் கன்வெர்ட்டர்கள் பற்றி ஒரு வார்த்தை. ஆபீஸில் கழித்த பழைய மானிட்டர் மலிவாகக் கிடைக்கும். அதில் டிவிஐ, விஜிஏ என்ற பழைய போர்ட்களோ டிஸ்ப்ளேபோர்ட்டோ மட்டும் இருக்கும். கடையில் கிடைக்கும் டிஸ்ப்ளேபோர்ட்-எச்டிஎம்ஐ கேபிள்களில் பெரும்பாலானவை ஒரு திசையில்தான் வேலை செய்யும்: கம்ப்யூட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ திரைக்கு. கன்சோலிலிருந்து எதிர்த்திசையில் மாட்டினால் திரை கறுப்பாகவே கிடக்கும். அந்த வழியே வேண்டாம்.

3. அளவும் உட்காரும் இடமும்

24 இன்ச்சில் 1080பி, 27 இன்ச்சில் 1440பி, 27 அல்லது 32 இன்ச்சில் 4கே. இந்த ஜோடிகளை விட்டு விலகாதீர்கள். 27 இன்ச்சில் 1080பி எடுத்தால் ஒரு இன்ச்சுக்கு 82 புள்ளிதான். மேஜை தூரத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். 27 இன்ச் 1440பி-யில் அது 109, 32 இன்ச் 4கே-யில் 138. 32 இன்ச் 1440பி-யின் கூர்மை 24 இன்ச் 1080பி-யின் கூர்மைதான். தள்ளி உட்காருகிறவர்களுக்கு அதுவும் ஒத்துவரும்.

தூரத்தை டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கண்ணிலிருந்து திரை 60–75 செ.மீ. என்றால் 24 இன்ச், 75–90 என்றால் 27, ஒரு மீட்டர் வாக்கில் என்றால் 32. திரையின் அகலம் 24-க்கு சுமார் 53 செ.மீ., 27-க்கு 60, 32-க்கு 71. மேஜையில் கன்சோலுக்கும் இடம் வேண்டும். முதலில் வந்த பிஎஸ்5 நிறுத்தி வைத்தால் 39 செ.மீ. உயரம், 26 செ.மீ. ஆழம்.

நம் வீடுகளில் பாதிப் பேர் மேஜை போட்டு விளையாடுவதில்லை. கட்டிலில் சாய்ந்தோ பாயில் உட்கார்ந்தோதான் விளையாட்டு. அப்படியென்றால் திரையைக் கீழிருந்து பார்க்கிறீர்கள். திரையின் பேனலில் டிஎன், விஏ, ஐபிஎஸ் என்று வகைகள் உண்டு. டிஎன் பேனலில் அந்தக் கோணத்தில் நிறம் கெட்டுவிடும், விஏ-யில் வெளிறும். ஐபிஎஸ் எடுங்கள். கூடவே, பின்னால் 100×100 அல்லது 75×75 மி.மீ. வீசா துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் சுவரில் கண் மட்டத்துக்கு இறக்கி மாட்டிவிடலாம். அண்ணன் தம்பி இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடும் வீடானால் வளைந்த திரை வேண்டாம். 21:9 அகலத் திரையும் வேண்டாம். கன்சோல் 16:9-தான் அனுப்பும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும்.

“மானிட்டர் விலைக்கு 32 இன்ச் டிவியே வருமே” என்பார்கள். அந்த விலையில் வரும் 32 இன்ச் டிவிகளில் பெரும்பாலானவை ‘எச்டி ரெடி’, அதாவது 1366×768. பிஎஸ்5-ஐ அதில் மாட்டுவது கன்சோலுக்குக் கொடுத்த பணத்தை மூடி வைப்பதற்குச் சமம்.

4. பேனல், எச்டிஆர், மில்லி செகண்ட்

ஐபிஎஸ்-ல் நிறம் நிலையாக இருக்கும். கறுப்பு சாம்பல் பூத்த மாதிரி தெரியும், காண்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) சுமார் 1000:1. விஏ-யில் 3000:1 வரை போகும், கறுப்பு கறுப்பாகவே இருக்கும். விலை குறைந்த விஏ-க்களில் இருட்டுக் காட்சிகளில் நகரும் பொருளுக்குப் பின்னால் கரி இழுத்த மாதிரி தடம் விழும். ஓலெட் எல்லாவற்றிலும் சிறந்தது. ஆனால் ஒரே கேமை தினமும் பல மணி நேரம் ஆடினால், நகராமல் நிற்கும் மேப், ஸ்கோர் பலகை இவற்றின் தடம் நிரந்தரமாகப் பதியும் ஆபத்து உண்டு. ‘பர்ன்-இன்’ வாரண்டியில் சேர்ந்ததா என்று எழுத்தில் பாருங்கள்.

“எச்டிஆர்10 சப்போர்ட்” என்றால் எச்டிஆர் சிக்னலை ஏற்கும் என்று மட்டும்தான் பொருள். டிஸ்ப்ளேஎச்டிஆர் 400 முத்திரைக்கு 400 நிட்ஸ் வெளிச்சம் போதும், லோக்கல் டிம்மிங் (படத்தின் இருட்டான பகுதிக்குப் பின்னால் மட்டும் விளக்கை மங்கவைப்பது) கட்டாயமில்லை. அதில் எச்டிஆர் போட்டால் பல கேம்களில் படம் வெளிறித்தான் தெரியும். 600 அல்லது அதற்கு மேல், லோக்கல் டிம்மிங்கோடு இருந்தால் அல்லது ஓலெட்டாக இருந்தால் மட்டும் எச்டிஆருக்காகப் பணம் கொடுங்கள். அதற்குக் கீழே என்றால் எச்டிஆரை அணைத்துவிட்டு விளையாடுவதே நல்லது.

1 மில்லி செகண்ட் என்பதில் ‘எம்பிஆர்டி’ என்று இருந்தால், பின்விளக்கை விட்டுவிட்டு எரியவைத்து எடுத்த அளவு அது. அந்த மோடைப் போட்டால் வெளிச்சம் குறையும், பெரும்பாலும் விஆர்ஆரும் வேலை செய்யாது. புள்ளி ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரமான ‘ஜிடிஜி’ எண்ணைப் பாருங்கள். நல்ல ஐபிஎஸ் ஒன்றில் 4–5 மில்லி செகண்ட் என்றாலே கன்சோலுக்குப் போதும்.

5. சத்தம் எங்கிருந்து வரும்?

பலர் வீட்டுக்கு வந்த பிறகுதான் இதை யோசிக்கிறார்கள். கேமிங் மானிட்டர்கள் பலவற்றில் ஸ்பீக்கர் இல்லை. பிஎஸ்5, சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் எதிலும் ஆப்டிகல் அவுட் (ஸ்பீக்கருக்கு ஒளிக் கேபிளில் சத்தம் அனுப்பும் போர்ட்) இல்லை. புளூடூத் ஹெட்செட்டையும் இவற்றில் நேரடியாக இணைக்க முடியாது. ஆகவே மானிட்டரில் 3.5 மி.மீ. ஆடியோ அவுட் இருந்தாக வேண்டும். அதில் ஒரு ஜோடி கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை மாட்டிக்கொள்ளலாம். தனியாக ஆடுகிறவருக்குக் கன்ட்ரோலரில் இருக்கும் 3.5 மி.மீ. ஜாக்கில் வயர் ஹெட்போன் மாட்டினாலே போதும்.

6. மொத்தச் செலவு

விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். ஜிஎஸ்டி சேர்த்துத் தோராயமாக: 24 இன்ச் 1080பி ஐபிஎஸ், 100 ஹெர்ட்ஸுக்கு மேல் என்றால் 8,000 முதல் 13,000 ரூபாய். 27 இன்ச் 1440பி 15,000 முதல் 23,000. எச்டிஎம்ஐ 2.1 எஃப்ஆர்எல்-ஓடு 27 இன்ச் 4கே 27,000-க்கு மேல். ஓலெட் 50,000-ஐ ஒட்டித்தான் தொடங்கும்.

எங்கள் பரிந்துரை: சீரிஸ் எஸ் வைத்திருப்பவர்களுக்கு 1440பி, எச்டிஎம்ஐ 2.0 மானிட்டர் கச்சிதம். அதற்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை. பிஎஸ்5-காரர்கள் 20,000 ரூபாய்க்குள் நிற்க வேண்டுமென்றால் அதே 1440பி, ஆனால் எச்டிஎம்ஐ விஆர்ஆர் இருப்பதாகத் தேடி எடுங்கள். கதை விளையாட்டு மட்டும் ஆடுகிறவருக்கு எச்டிஎம்ஐ 2.0, 60 ஹெர்ட்ஸ் 4கே மானிட்டர் போதும். பிஎஸ்4-க்கு 24 இன்ச் 1080பி-யைத் தாண்டாதீர்கள்.

ஸ்பீக்கர், யுபிஎஸ், தேவைப்பட்டால் கேபிள் என்று இன்னும் 3,000 முதல் 6,000 வரை தனியாக எடுத்து வையுங்கள். பிஎஸ்5, சீரிஸ் எக்ஸ் பெட்டிகளில் ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ கேபிள் வரும், புதிதாக வாங்க வேண்டாம். தொலைந்துவிட்டால் கியூஆர் முத்திரை ஒட்டிய சான்றளித்த கேபிளாக, 2 மீட்டருக்குள் வாங்குங்கள். சீரிஸ் எஸ் பெட்டியில் வரும் சாதாரண ஹை ஸ்பீட் கேபிளே 1440பி 120-ஐத் தாங்கும்.

7. கரண்டும் வெயிலும்

விளையாட்டு நடக்கும்போது பிஎஸ்5 200 வாட்டைத் தாண்டும், 27 இன்ச் மானிட்டர் 30 முதல் 50 வாட் எடுக்கும். 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் தாங்கும். கேமைச் சேமித்து அணைக்கச் சில நிமிடம் கிடைக்கும், அது போதும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் ப்யூர் சைன் வேவ் வகை வேண்டும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கிராமங்களில் வோல்டேஜ் ஆடும் வீடுகளுக்கு ஒரு ஸ்டெபிலைசரும் சேர்த்துக்கொள்வது நல்லது.

பிஎஸ்5-க்குச் சொல்லப்பட்ட அறை வெப்பம் 5 முதல் 35 டிகிரி. சித்திரை, வைகாசியில் மதுரை மாடி அறை மத்தியானத்தில் அதைத் தாண்டிவிடும். கன்சோலை மானிட்டருக்குப் பின்னால் செருகாதீர்கள். சுவரிலிருந்து 10 செ.மீ.க்கு மேல் தள்ளி, காற்று போக வழிவிட்டு வையுங்கள். மேற்கு ஜன்னலுக்கு எதிரே திரையை வைக்காதீர்கள்.

8. எப்போது, எப்படி வாங்குவது

முதலில் அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் சர்வீஸ் சென்டர் பக்கத்தில் 625001 என்று உங்கள் பின்கோடைப் போட்டுப் பாருங்கள். மதுரையில் சென்டர் இல்லையென்றால், வாரண்டி ‘ஆன்-சைட்’டா (வீட்டுக்கே வந்து பார்ப்பது) ‘கேரி-இன்’னா (நாமே கொண்டுபோவது) என்பது முக்கியம். கேரி-இன் என்றால் மானிட்டரைச் சென்னைக்கோ கோவைக்கோ உங்கள் செலவில் அனுப்ப வேண்டி வரலாம். அப்படி அனுப்ப அசல் பெட்டியும் தெர்மோகோலும் வேண்டும். ஒரு வருடமாவது பரணில் கிடக்கட்டும்.

கடையில் வாங்குகிறவர்கள் கன்சோலையும் கேபிளையும் கையோடு கொண்டுபோய், அங்கேயே மாட்டிப் பார்க்க விடுவார்களா என்று முன்கூட்டியே போனில் கேளுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் மாசி வீதிகளுக்குள் வண்டி போகாது. தீபாவளி வாரத்தில் நின்று சோதிக்க எந்தக் கடையிலும் இடம் இருக்காது. சாதாரண வார நாளில் காலையில் போனால் நிதானமாகப் பார்க்கலாம். ஆன்லைனில் வாங்கினால், மாற்றித்தரும் கெடு எத்தனை நாள், பணம் திரும்புமா அல்லது மாற்றுப்பொருள் மட்டுமா என்று ஆர்டருக்கு முன்பே படியுங்கள். ஊரில் இல்லாத வாரத்தில் வந்து இறங்கும்படி ஆர்டர் போடாதீர்கள். பெட்டியில் ஒட்டிய லேபிளில் தொடங்கி, பிரிப்பது முதல் திரையில் படம் வருவது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்.

பில்லில் இருக்க வேண்டியவை: ஜிஎஸ்டி எண், முழு மாடல் எண், சீரியல் எண், தேதி. “வெறும் எஸ்டிமேட் போட்டுத் தர்றேன், வரி மிச்சம்” என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வாரண்டி கோரும்போது அது செல்லாது. ஊருக்குக் கொண்டுபோகும்போது பெட்டியைப் படுக்க வைக்காமல் நிறுத்தியே வையுங்கள். 27 இன்ச் பெட்டியை பைக்கில் முன்னால் வைத்துக்கொண்டு திருமங்கலம் வரை போவது வேண்டாம்; ஆட்டோ கூலி பேனலைவிட மலிவு.

9. வீட்டில் மாட்டியதும்

மானிட்டர் மெனுவில் எச்டிஎம்ஐ 2.1 அல்லது ‘கன்சோல் மோட்’ என்று தனியாக ஒரு சுவிட்ச் இருக்கலாம். பல மாடல்களில் அது அணைந்தே வரும். போர்ட் இரண்டு இருந்தால் எது வேகமானது என்று மேனுவலில் பார்த்து மாட்டுங்கள்.

பிஎஸ்5-ல் செட்டிங்ஸ், ஸ்கிரீன் அண்ட் வீடியோ, வீடியோ அவுட்புட் போய் விஆர்ஆர், 120 ஹெர்ட்ஸ் அவுட்புட் இரண்டையும் ‘ஆட்டோமேட்டிக்’கில் வையுங்கள். 1440பி மானிட்டரானால் அங்கேயே உள்ள 1440பி டெஸ்ட்டை ஓட்டுங்கள். பிறகு கேம் ப்ரீசெட்டில் ‘பெர்ஃபார்மன்ஸ் மோட்’ தேர்ந்தெடுங்கள். இதை விட்டுவிட்டு “120 வரவில்லை” என்று மானிட்டரைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. ‘வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தில் இப்போது என்ன ஓடுகிறது என்று காட்டும். எக்ஸ்பாக்ஸில் ஜெனரல், டிவி அண்ட் டிஸ்ப்ளே ஆப்ஷன்ஸ் போய் ரெசல்யூஷன், 120 ஹெர்ட்ஸ், வீடியோ மோட்ஸுக்குள் விஆர்ஆர் ஆகியவற்றைப் போடுங்கள்.

படம் சாம்பல் பூத்தாலோ இருட்டில் ஒன்றும் தெரியாமல் போனாலோ ஆர்ஜிபி ரேஞ்ச் (கறுப்பிலிருந்து வெள்ளை வரையான நிற அளவு) இரண்டு பக்கமும் பொருந்தவில்லை; கன்சோலிலும் மானிட்டரிலும் ஒரே மாதிரி ‘ஃபுல்’ அல்லது ‘லிமிடெட்’ வையுங்கள். நகரும் உருவத்தைச் சுற்றி வெள்ளை நிழல் வந்தால், மானிட்டர் மெனுவில் புள்ளிகளை வேகமாக மாறவைக்கும் ஓவர்டிரைவைக் கடைசி நிலையிலிருந்து நடு நிலைக்கு இறக்குங்கள். சத்தம் வரவில்லையென்றால் ஆடியோ ஃபார்மட்டை ‘லீனியர் பிசிஎம்’ ஆக்குங்கள். 4கே-யில் படம் விட்டுவிட்டு வந்தால் பிஎஸ்5-ல் ‘4கே வீடியோ டிரான்ஸ்ஃபர் ரேட்’டை -1 ஆக்கிப் பாருங்கள், அதில் படம் விடாமல் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளை. திரை முழுக்கக் கறுத்துவிட்டால் பிஎஸ்5-ஐ அணைத்து, இரண்டாவது பீப் கேட்கும் வரை பவர் பட்டனை அழுத்திப் பிடித்து, கன்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, சேஃப் மோடில் ரெசல்யூஷனைக் குறைக்கலாம்.

10. மாற்றித்தரும் கெடு முடிவதற்குள்

முதல் இரவே அறை விளக்கை அணைத்துவிட்டு, யூடியூபில் கிடைக்கும் ‘டெட் பிக்ஸல் டெஸ்ட்’ வீடியோவை முழுத் திரையில் ஓட்டுங்கள். வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலத்தில் கறுப்புப் புள்ளியும், கறுப்பில் எரிந்தே நிற்கும் புள்ளியும் தேடுங்கள். கறுப்புத் திரையில் மூலைகளில் கசியும் வெளிச்சத்தை, மானிட்டர் பிரைட்னஸ் பாதியில் இருக்கும்போது பாருங்கள். முழு பிரைட்னஸில் எந்த ஐபிஎஸ்-ம் கசியும். அடுத்து ஒரே மூச்சில் இரண்டு மணி நேரமாவது ஆடுங்கள். சூடேறிய பிறகு வரும் மினுக்கல் அப்போதுதான் தெரியும்.

ஒன்றிரண்டு டெட் பிக்ஸலைப் பல கம்பெனிகள் வாரண்டியில் குறையாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் மாற்றித்தரும் கெடுவுக்குள் படம் எடுத்து அனுப்பினால் விற்றவரிடமே மாற்றிக்கொள்ள வாய்ப்பு அதிகம். கெடு முடிந்தால் வாரண்டி மட்டும்தான் மிஞ்சும். புகாரை எழுத்தில், சீரியல் எண்ணோடு அனுப்பி, டிக்கெட் எண்ணை வாங்கி வையுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பில், வீடியோ, டிக்கெட் எண் மூன்றையும் வைத்துக்கொண்டு பதிவு செய்யுங்கள்.